துறையடியில் முகம் திருப்பி இருந்தவர்

ஈயம் பற்றவைக்கும்போது எழும் குங்கிலியப் புகையின் மணம் என்னை நடந்த இடத்திலேயே நிறுத்திவிடும். போன கிழமையும் அப்படித்தான். அம்மன் கோயில் சடங்குக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். அறுந்த வயர் ஒன்றை ஒருவர் குந்தியிருந்து பற்றவைத்தார். வெள்ளைப் புகை நூலாக எழுந்து, வேப்பிலைக் கொத்துக்குள் நுழைந்து, காணாமல் போனது. கும்பிட வந்தவர்களுக்கு அது கோயில் மணம். எனக்கு அது ஒரு மனிதரின் மணம். அவர்மேல் நான் வளர்த்து வைத்திருந்த பொறாமையின் மணம். சில வருடங்கள் ஒருவரை அப்படி வெறுத்து, அதே அளவுக்கு அவரைப்போல இருக்கவும் ஆசைப்பட்டால், அவருடைய மணம் நம் மூச்சுக்குள்ளேயே குடியிருந்துவிடும்.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால், வாசித்த யாராவது தேடிப்போய்த் தங்கள் கடவுச்சொல்லை அவர் காதில் சொல்லிவைப்பார்கள். அந்தத் தொல்லை அவருக்குப் போதும் போதும் என்று இருந்தது.

வாவியின் இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப் போய்வரும் மிதவையை எங்கள் சனம் 'பாதை' என்றுதான் சொல்லும். இந்தக் கரையில், பாதைக்குக் காத்து நிற்கும் துறையடியில், தகரக் கூரையும் ஒரு கண்ணாடிப் பெட்டியுமாக அவருடைய போன் திருத்தும் கடை. என் மனைவி படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். எங்கள் வீடு களுவாஞ்சிக்குடியில். காலையிலும் பின்னேரமும் அவள் அந்தத் துறையடியில் நின்றாக வேண்டும். என் துன்பத்தின் முழு வரைபடமும் இவ்வளவுதான்.

கடையில் ஒரு சுழல் கதிரை இருந்தது. சலூன் ஒன்றில் கழித்துவிட்டது. கைப்பிடி உரிந்து பஞ்சு எட்டிப்பார்க்கும். யாராவது போனைத் திறக்க விரலை வைத்தால் போதும், "தட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கதிரையோடு வாவிப் பக்கம் திரும்பிவிடுவார். தலை மட்டும் அல்ல. தோள், முதுகு, முழங்கால் எல்லாம் சேர்ந்து திரும்பும். நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடியும் தண்ணீரைப் பார்க்கும். நாம் "சரி" என்று சொல்லும்வரை அப்படியே இருப்பார்.

ஒரு பின்னேரம் மனைவியைக் கூட்டிவரப் போய்க் கடையில் காத்திருந்தேன். ஆரையம்பதிப் பக்கமிருந்து வந்த முஸ்லிம் மீன்காரர் ஒருவர் தன் போனை நீட்டிக்கொண்டு நின்றார். "தட்டுங்க காக்கா" என்றார் இவர், திரும்பினார். மீன்காரர் தட்டினார். போன் உயிர்த்தது. அதே நேரம் பாதை புறப்படுகிறது என்று யாரோ கத்தினார்கள். மீன்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். "சரி" என்று சொல்லவில்லை. இவர் தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தார். பாதை அக்கரைக்குப் போனது. ஆட்களை இறக்கியது. ஏற்றியது. திரும்பி வரத் தொடங்கியது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எவ்வளவு நேரம் இருப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எனக்குத்தான் கழுத்து வலித்தது.

"தம்பி, ஆள் எப்பவோ போயிற்றாரு."

"அப்படியா? சரி எண்டு சொல்லல்லயே அண்ண."

அவ்வளவுதான். சிரிக்கவில்லை, கோபிக்கவில்லை, கதிரையைத் திருப்பி வேலையைத் தொடங்கினார். எனக்குள் எதுவோ சுருக்கென்று குத்தியது அப்போதுதான். நான் பார்க்கிறவன். நீர்ப்பாசனக் கந்தோரில் எந்த வயல் வட்டைக்கு எந்த நாளில் தண்ணீர் விடுவது என்று பதிவது சம்பளத்துக்கான வேலை. மீதி நேரமெல்லாம் பார்ப்பதுதான் எனக்கு வேலை. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் கடிதத்தை வாசிப்பேன். கடைக்காரியின் முகத்தில் விலைக்குப் பின்னால் இருப்பதைத் தேடுவேன். பார்த்ததை எழுதுவேன். என் கண்ணைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது. பார்க்காமல் இருப்பதிலும் ஒரு வல்லமை இருக்கலாம் என்பதை அந்த உரிந்த கதிரையில் இருந்து ஒருவர் காட்டியபோது, அதை அவரிடமிருந்து பிடுங்கி வாவிக்குள் எறிய வேண்டும்போல இருந்தது.

எங்கள் சனம் கடவுச்சொல் வைக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். இங்கே குடி, அதாவது குலம், தாய்வழியில் வரும். அம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. அதைவிட நெருக்கமாக ஒருவருக்குச் சொந்தமானது வேறு என்ன? எனவே பாதி ஊர் தன் குடிப் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தது. பின்னால் ஒன்று இரண்டு மூன்று.

ஒரு பெண் வந்து கண்ணாடிப் பெட்டியில் கையால் அடித்தாள். "தம்பி, என்ட முகநூல ஆரோ திறந்து, மச்சாள்ர கலியாணப் படத்துக்குக் கீழ 'மாப்பிள்ளைக்கு வயசு காணாதா' எண்டு எழுதிப்போட்டான். நான் எழுதினதாம் எண்டு வீட்டுக்குள்ள ஒரே சண்ட."

"பாஸ்வேர்ட சொல்லாதீங்க அக்கா. ஒண்டே ஒண்டு கேக்கிறன். உங்கட குடிப் பேரா?"

"உனக்கு ஆரு சொன்ன?"

"கோயில் ஸ்பீக்கர்தான். இண்டைக்கு இன்ன குடித் திருவிழா எண்டு வருசா வருசம் துறையடி வரைக்கும் கேக்கக் கத்துறாங்களே. பின்னால ஒண்டு ரெண்டு மூண்டு போட ஆருக்குத் தெரியாது?"

"அப்ப அம்மாட பேரப் போடட்டா?"

"அம்மா மோசம் போன நேரம் மதிலெல்லாம் நோட்டீஸ் ஒட்டினீங்களே, அந்தப் பேரா?"

"போடா! பின்ன என்னத்தத்தான் போடுற? உன்ட தலையப் போடவா?"

பாதைக்கு நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்தபடியே கதிரையைத் திருப்பினார். "புதுசு ஒண்டு யோசிச்சுத் தட்டுங்க. நான் வாவியப் பாக்கிறன்."

வயதானவர்கள் வேறு மாதிரி. மறந்துபோகும் என்று அவர் காதிலேயே சொல்லிவிட்டுப் போகப் பார்ப்பார்கள். "நீ வைச்சிக்க மகன்." அவர் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொள்வார். "என்ட தலைக்குள்ள போட்டிராதீங்க ஐயா. எனக்குக் காய்ச்சல் வந்தா நல்லாப் புலம்புவன்." ஆனாலும் சனம் அவரிடமே வந்தது. அவர் வாகரைப் பக்கத்து ஆள். எங்கள் குடி எதிலும் சேராதவர். யாருக்கும் மச்சானும் இல்லை, மாமனும் இல்லை. அதனால்தான் நம்புகிறார்கள், இதில் அவருடைய கெட்டித்தனம் என்ன இருக்கிறது என்று என் மனைவியிடம் ஒருநாள் சொன்னேன். "வாகரையில இருந்து வந்த எல்லாரையுமா நம்புறாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் மீன் கழுவப் போய்விட்டாள்.

சனத்தின் இரகசியங்கள் தன் தலைக்குள் வந்து விழாமல் இருக்க ஒரே வழி, அவற்றை வைப்பதற்கு ஒரு நல்ல பெட்டியைத் தேடிக் கொடுப்பதுதான் என்று ஒரு மாரி காலத்தில் அவர் முடிவெடுத்தார். கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் செயலிகள் ஐந்தைத் தெரிந்தெடுத்து, ஐந்து பழைய போன்களில் ஏற்றி, கண்ணாடிப் பெட்டியின்மேல் வரிசையாக அடுக்கினார். எல்லாவற்றிலும் பொய்க் கடவுச்சொற்கள். பிறகு தொடங்கியது சோதனை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள்.

வாவி நடுவில் சிக்னல் விழும். அங்கே திறக்கிறதா என்று பார்க்க ஐந்து போன்களையும் சேட்டுப் பையிலும் கையிலுமாக வைத்துக்கொண்டு பாதையில் போய்ப் போய் வந்தார். ஒன்று அங்கேயே கழிந்தது. தமிழ் எழுத்தை ஏற்குமா என்று பார்த்தார். இன்னொன்று கட்டம் கட்டமாகக் காட்டி அவமானப்பட்டது. போன் தண்ணீருக்குள் போனால் வேறு போனில் எல்லாம் திரும்பி வருமா? அதற்கு ஒரு போனை நூலில் கட்டி, கண்ணாப் பற்றையோரம் தண்ணீருக்குள் இறக்கினார். தூண்டிலில் இறால் கட்டிக்கொண்டு நின்றவர் ஒருவர், "என்ன தம்பி, போன் கொத்துதா?" என்று கேட்டார். "இல்ல அண்ண, இன்னும் இழுக்கல்ல." உள்ளே போட்டதையெல்லாம் விரும்பினால் வெளியே எடுத்துக்கொண்டு வேறு பெட்டிக்கு மாறலாமா என்றும் பார்த்தார். "உள்ள போக வழி வைச்சவன் வெளிய வரவும் வழி வைக்கோணும்" என்பது அவருடைய வாக்கு.

கடைசிச் சோதனைதான் எனக்கு ஆறாத புண். மிஞ்சிய மூன்று செயலிகளின் நிறுவனங்களுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும்: 'பெட்டியின் திறப்புச் சொல்லை மறந்துபோனேன். தயவுசெய்து திறந்து தாருங்கள்.' அவருக்கு ஆங்கிலம் ஓடாது. எழுதிக் கொடுத்தது என் மனைவி. பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடிப் பெட்டியின்மேல் முழங்கையை ஊன்றி, மூன்று பின்னேரங்கள். மூன்று பாதைகளை அவள் வேண்டுமென்றே தவறவிட்டாள் என்பது அன்று என் கணக்கு. கடையிலிருந்து வீட்டுக்கு வரப் பாதையே ஏற வேண்டியதில்லை, அவள் ஏற்கெனவே இக்கரைக்கு வந்துவிட்டாள் என்பது அந்த நாட்களில் என் மூளைக்கு எட்டவில்லை. பொறாமைக்காரனுக்குத் திசை தெரியாது.

"இஞ்சாருங்க," என்று ஒருநாள் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினாள். "ஒருத்தன் பதில் போட்டிருக்கான். கவலப்படாதீங்க, நாங்க திறந்து தாறம் எண்டு."

"நல்ல மனிசன்."

"அத உடனே அழிச்சாச்சு. திறந்து தரக்கூடியவன் உள்ளுக்குப் பாக்கவும் கூடியவன்தானே."

"அவர் சொன்னாரா?"

"நான் சொன்னன்." அவள் கண்ணில் ஒரு வெளிச்சம். "அவர் ஓம் எண்டார்."

இன்னொரு நிறுவனம் பதிலே போடவில்லை. மூன்றாவது எழுதியது: மன்னிக்கவும், உங்கள் திறப்பு எங்களிடம் இல்லை; எங்களால் திறக்க முடியாது; யாராலும் முடியாது. அந்தக் கடிதத்தைப் படம் பிடித்து, அவர் வாற போற எல்லோருக்கும் காட்டினார். "ஏலாது எண்டு சொல்றான் பாருங்க! இவன்தான் ஆள்!" பரீட்சையில் பிள்ளை பாஸான தகப்பனின் சிரிப்பு.

எங்கள் வீட்டில் அதுவரை கடவுச்சொற்கள் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருந்தன. பள்ளிக்கூடத்து வலைத்தளம், மின்சாரம், அவளுடைய மின்னஞ்சல், கட்டாரில் இருக்கும் அவள் தம்பியின் படங்கள். கொப்பி அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியும். அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். எதையும் திறந்ததில்லை என்று சொன்னால் பொய், எப்போதாவது. திறப்பதைவிட, திறக்க முடியும் என்பதில்தான் எனக்கு நிம்மதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அந்தக் கொப்பியைத் தாள் தாளாகக் கிழித்து அடுப்பில் வைத்தாள். புட்டு அவிந்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். என் வீட்டின் கதவுகள் ஒவ்வொன்றாக எரிகிற மாதிரி இருந்தது.

இனி எல்லாவற்றுக்கும் ஒரே திறப்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்கள். "சாமி பேர் வேணாம், பிள்ளைட பேர் வேணாம், பாட்டு வரி வேணாம். உங்களுக்கு மட்டும் சிரிப்பு வாற மாதிரி ஒண்டு வைங்க டீச்சர்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவள் அப்படியே வைத்தாள். ஒவ்வொரு காலையும் கட்டில் விளிம்பில் இருந்து அதைத் தட்டும்போது அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போகும். கலியாணமாகி இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கண்டதில்லை. எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டால், "ஒண்டுமில்ல" என்பாள். ஒன்றுமில்லாததற்கா ஒரு முகம் அப்படி விரியும்?

அந்தச் செயலியில் இன்னோர் ஏற்பாடும் உண்டு. நமக்கு ஏதும் நடந்தால் பெட்டியைத் திறக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கலாம். அவர் திறக்கக் கேட்டால் நமக்குச் செய்தி வரும். ஏழு நாளைக்குள் நாம் மறுக்காவிட்டால் பெட்டி அவருக்குத் திறந்துவிடும்.

"ஆரப் போட்ட?" என்று கேட்டேன். அவள் சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கடைக்காரர."

"ஏன், நான் செத்தா போனன்?"

"நீங்க வாசிப்பீங்க."

"அவர் வாசிக்க மாட்டாரா?"

"மாட்டார்."

சேலையின் ஒரு மூலையை என்னிடம் நீட்டினாள், பிடிக்கச் சொல்லி. பிடித்தேன். அந்த 'மாட்டார்' என்ற சொல்லில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தேய்த்து மடித்ததுபோல நேராக இருந்தது. அவர் முதலில் வேண்டாம் என்றாராம். "அண்ணனப் போடுங்க டீச்சர்" என்றாராம். அதைக் கேட்டபோது இன்னும் எரிந்தது. என் இடத்தை எனக்கு விட்டுக்கொடுக்க அவர் யார்?

இனிச் செய்ததைச் சொல்கிறேன். நீண்ட வசனத்தைத் தட்டும்போது என் மனைவியின் உதடு அசையும். செபம் சொல்கிறவளைப்போல, சத்தமில்லாமல். அவர் மட்டும் ஒருமுறை அவள் தட்டுவதைப் பார்த்திருந்தால், "வாய அசைக்காதீங்க டீச்சர்" என்று அன்றைக்கே சொல்லியிருப்பார். அவர்தான் வாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தாரே. அவருடைய நேர்மையில் இருந்த ஒரே ஓட்டை அது. அந்த ஓட்டைக்குள்ளால் நான் நுழைந்தேன். அலுமாரிக் கண்ணாடியில் என் தலையைச் சீவுவதுபோல நின்று, அவள் உதட்டிலிருந்து காலைக்கு ஒரு சொல்லாகப் பொறுக்கினேன். நாலாவது சொல்லுக்கு மூன்று காலைகள் போயின. இரண்டாம் பூட்டு ஒன்றும் போடச் சொல்லி அவர் சொல்லியிருந்தாராம்; தவணை விடுமுறையில் பார்க்கலாம் என்று அவள் தள்ளிப்போட்டிருந்தாள். ஒன்பதாம் நாள், அவள் பள்ளிக்கூடம் போன பின், என் போனில் அந்த ஐந்து சொற்களையும் தட்டினேன். பெட்டி திறந்தது.

அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன். அவற்றின் பொருளும் எனக்குத் தெரியாது. ஒரு பறவை வருகிறது, ஒரு பாத்திரம் வருகிறது. எதற்குச் சிரித்தாள் என்று இன்றுவரை விளங்கவில்லை.

உள்ளே அவரைப்பற்றி ஒன்றும் இல்லை. ஒரு சொல்கூட இல்லை. நிம்மதி வரவேண்டும், வரவில்லை, இன்னும் தேடினேன். கடைசியில் 'பாதை' என்று தலைப்பிட்ட ஒரு குறிப்பு. வாவியைக் கடக்கும்போது அவள் எழுதி வந்த நாட்குறிப்பு. அதிலிருந்து எதை எழுதலாம் என்று, இதை எழுதத் தொடங்கும் முன் நான் கேட்டதற்கு அவள் அனுமதித்தது இவ்வளவுதான்: 'இண்டைக்கு அம்மாட திவசம். பாதையில் அழுதன். இறங்கி முகம் கழுவிப்போட்டுத்தான் வீட்ட போனன். கண் சிவந்திருந்தா ஏன் எண்டு கேப்பார். சொன்னா எழுதிப்போடுவார்.'

முன்பு ஒருமுறை அப்படித்தான் நடந்தது. அவளுடைய அம்மா இறந்த அன்று, கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு மட்டும் முன்னால் அவள் செய்த ஒன்றை எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். அச்சில் வந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் கைக்குக் கை மாற்றி வாசித்தார்கள். உருக்கமாக இருக்கிறது என்று எனக்குக் கடிதங்கள் வந்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நான் அடுத்ததை எழுதப் போய்விட்டேன்.

அன்று அவள் வந்தபோது முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, ஏதோ ஒரு வெறியில், மறுபடியும் அந்த ஐந்து சொற்களையும் தட்டினேன். திறக்கவில்லை. திறப்பை மாற்றியிருந்தாள். காலையில் கட்டில் விளிம்பில் இருந்து தட்டுவதையும் விட்டுவிட்டாள். குசினிக்குள், அடுப்படிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டினாள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது, கதையும் வந்தது. பள்ளிக்கூடத்தில் யாருக்கு இடமாற்றம், சந்தையில் என்ன மீன். தண்ணீர் விட்ட வயலில் நடப்பதுபோல இருவரும் காலைத் தூக்கித் தூக்கி வைத்தோம்.

அவர்தான் போட்டுக்கொடுத்துவிட்டார் என்று எனக்கு நிச்சயம். துறையடிக்குப் போய் அவருக்கு முன்னால் இருந்தேன். அவர் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, புகைக்குள் கண்ணைச் சுருக்கி ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். "என்ன அண்ண, தேத்தண்ணி சொல்லட்டா?" என்றார். முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். இத்தனை வருடம் முகங்களைத் தோண்டி எடுத்த என் கண், அந்த முகத்தில் ஒரு மண்ணும் காணாமல் திரும்பி வந்தது.

பிறகு ஒரு மூன்று மாதம் இருக்கும். வாகரையில் அவருடைய அம்மாவுக்குக் கால் ஏலாமல் போய்விட்டது. கடையை எடுத்துக்கொண்டு அங்கேயே போகப்போகிறார் என்று கதை வந்தது. போவதற்கு முன், தன்னை நியமித்து வைத்திருந்த எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "என்ட பேர எடுங்க. நான் தூரத்தில இருப்பன். கிட்ட இருக்கிற ஒரு ஆளப் போடுங்க." ஒருத்தி அழுதாள். பாதை ஓட்டுகிறவர் மட்டும் எடுக்க மாட்டேன் என்று ஒரு நாள் முழுக்க அடம்பிடித்தார்.

"நீ எடுத்தாச்சா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஓம்."

"ஆரப் போட்ட?"

"இன்னும் ஆரையும் போடல்ல."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். ஒரு வெற்றுக் கட்டம். அவளுக்கு நாளைக்கு ஏதும் நடந்தால் அவளைத் திறக்க உலகத்தில் ஒருவரும் இல்லை. அந்தக் கட்டத்துக்குள் என் பெயர் வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட மாதிரி வாழ்க்கையில் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. வாசிப்பதற்காக அல்ல என்று என் நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். ஆனால் அதை யார் நம்புவது?

அவர் புறப்பட்ட அன்று காலை உதவிக்குப் போனேன். லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தன. கண்ணாடிப் பெட்டியை ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானும் தூக்கினோம். வைக்கோலுக்குள் இறக்கி, கயிறு போட்டோம். சனம் இன்னும் வரவில்லை. வாவி தகடுபோல் கிடந்தது.

"தம்பி," என்றேன். "டீச்சர் இன்னும் ஆரையும் போடல்லயாம்."

"ஓமாம் அண்ண."

"நீங்க ஒரு சொல்லுச் சொன்னா அவ கேப்பா. என்ட பேரப் போடச் சொல்லி."

அவர் முடிச்சை இறுக்கினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"அண்ண, அண்டைக்கு டீச்சர் இதில நிக்கக்கதான் அந்த அறிவிப்பு வந்த. புதுப் போன் ஒண்டில பெட்டி திறந்திருக்கு எண்டு. என்ன எண்டு பாருங்க தம்பி எண்டு அவதான் நீட்டினா. போன்ட பேரும் அதில கிடந்திச்சு. கட்டாரில இருந்து உங்கட மச்சினன் அனுப்பின போன். அந்தச் சாதிப் போன் இந்தக் கரையில வேற ஆருட்டயும் இல்ல."

கயிற்றின் நுனி என் கையில் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"நீங்க சொன்னீங்களா, நான்தான் எண்டு?"

"அவ கேக்கல்ல. அவக்கும் வாசிக்கத் தெரியும்தானே அண்ண. பாத்தா. போனப் பைக்குள்ள வைச்சா. திறப்ப எப்படி மாத்துற எண்டு மட்டும் கேட்டா."

அப்படியென்றால் மூன்று மாதமும் அவளுக்குத் தெரியும். அந்தச் சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும் சந்தை மீன் கதைக்கும் பின்னால் அவள் அதை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்று, ஒருவரும் எனக்கு முன்னால் எடுக்காத ஒன்று, நான்தான். லேண்ட் மாஸ்டர் உறுமியது. அவர் பெட்டியின் விளிம்பில் ஏறிச் சாமான்களோடு சாமானாக இருந்தார். நான் பக்கத்தில் நாலு எட்டு நடந்தேன்.

"அப்ப சொல்ல மாட்டீங்களா, தம்பி?"

"நான் சொல்லி அவ போட்டா அது என்ட பேர்தான் அண்ண, உங்கட பேர் இல்ல." வண்டி குலுங்கியது. ஒரு கையால் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "அண்டைக்குக் கேக்காமத்தானே எடுத்தீங்க. ஒருக்காக் கேட்டுப் பாருங்களன்."